கலங்கலைப் பார்க்காமல் வரைந்த ஏரி

ஐம்பத்தாறாம் வருஷம் தை மாதம் பாகலூர்ப் பக்கத்து ஏரிக்கு இரண்டாம் முறை போனேன். முன்பு ஒரு சித்திரையில் போய் அதற்கு நில அளவைப் படம் வரைந்தவனும் நான்தான். அந்தப் படத்தை நம்பி, பன்னிரண்டு கூலிக் குடும்பங்களுக்கு அங்கே வீட்டுமனை கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன்.

ஓசூரில் காலை ஏழு மணிக்கு பஸ். எட்டு மைல், நாலணா. பாகலூரில் இறங்கி இரண்டரை மைல் கோரைக்குள் நடக்கவேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், சேறு பிடுங்கிக்கொள்ளும்.

மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற கலங்கலின் மட்டம் எதுவோ, அதுதான் ஏரியின் எல்லை. அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆளுக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாதா? வெயில், சோம்பல். கோடையில் குட்டையாய்ச் சுருங்கிக் கிடந்த தண்ணீரின் ஓரத்தையே ஏரி என்று வரைந்து, மற்றதைத் தரிசு என்று எழுதித் தொலைத்தேன். ஏரிக்குள்ளேயே கேழ்வரகு விதைத்திருந்த பண்ணைக்காரர், தண்ணீர் இதற்கு மேல் ஏறாது என்று சொல்லி மோர் கொடுத்தார். மடக் மடக்கென்று குடித்துவிட்டு வரைந்தேன்.

இந்த முறை கலங்கலில் இருந்தே மட்டம் பார்த்துக்கொண்டு வந்தேன். முனியம்மா என்பவள் தனக்குக் கொடுத்த மனையில் இடுப்பளவு மண்சுவர் எழுப்பியிருந்தாள். அளவுக்கோலை அங்கே நிறுத்தினால், ஏரி நிரம்பும் மட்டம் அந்தச் சுவருக்கு மேலே ஒரு முழம் நின்றது. இங்கே தண்ணீர் நிற்கும் என்று தெரியாதா என்று அவளிடமே எரிந்து விழுந்தேன். என்ன திமிர் பாருங்கள் எனக்கு!

அவள் கையில் இருந்த சேற்றை வழித்துப் போட்டாள்.

“தெரியாம இருக்குமா சாமி? எம்புருசன் மீன் புடிக்கறதே இங்கதான். காயிதத்துல மேடுன்னு போட்டிருக்குதுன்னாங்க. எங்கள யாரு கேட்டாங்க?”

திருத்திய படத்தைக் கொண்டுபோனேன். பழையது அச்சாகிவிட்டது, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார் மேலதிகாரி. வேறு மனைக்கு அவர்கள் மனுப் போடட்டுமாம். அவர் மேஜையில் படத்தை எறிந்துவிட்டு வந்தேன், அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. மழைக்கு முன்பே பன்னிரண்டு குடும்பமும் கதவு நிலைகளைத் தூக்கிக்கொண்டு பண்ணைக்காரரின் களத்தோரக் குடிசைகளுக்கே திரும்பிவிட்டன. அவரிடமிருந்து தப்பிக்கத்தான் அவர்கள் மனை கேட்டதே.

நீங்கள் போவதானால் கார்த்திகையில் போங்கள், நாரை நிறைய வரும். வழியை அங்கே கூலி வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். அச்சான படத்தில் பன்னிரண்டு மனை இருக்கும், நம்பி இறங்கிவிடாதீர்கள், கழுத்தளவு தண்ணீர். படத்தின் கீழ்மூலையில் என் பெயர் இருக்கிறது. திட்டுவதானால் அதைச் சொல்லியே திட்டுங்கள்.