கருவேலத்துக்கு ஒரு நேர்த்திக்கடன்

சீமைக்கருவேலம் துளிர்க்க வேண்டும் என்று குலசாமியிடம் வேண்டிக்கொண்ட ராமநாதபுரத்துக்காரி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் சிரிக்க மாட்டார்கள், அடிக்க வருவார்கள். அந்த மரம் எங்கள் கண்மாயைத் தின்றது, வயலைத் தின்றது, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதையையும் தின்றது. அதன் முள் ஏறிச் சீழ் வைத்த காலோடுதான் நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நொண்டிக்கொண்டு போனேன். என் அண்ணன் இன்றைக்கும் வருடம் தவறாமல் பொக்லைன் வைத்து அதைப் பிடுங்குகிறான். அடுத்த மழைக்கு அது திரும்ப வந்து நிற்கும்.

அப்படிப்பட்ட நான் டெக்சாஸில் வீடு வாங்கினேன்.

ஆஸ்டினுக்கு வடக்கே ஊர் வளர்ந்துகொண்டே போகிறது. நாங்கள் முதல்முறை மனை பார்க்கப் போனபோது அங்கே வெறும் மேய்ச்சல் நிலம்தான் இருந்தது. குச்சி நட்டு ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருந்தார்கள். ரிப்பனுக்கு அந்தப் பக்கம் மாடுகள் நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தன. இரண்டாவது முறை போனபோது மாடுகள் இல்லை, தார்ச்சாலை இருந்தது. மூன்றாவது முறை, நுழைவாயிலில் இரும்பில் செய்த மாடு ஒன்று நின்றது. மாட்டை விரட்டிவிட்டு மாட்டுக்கே சிலை வைப்பது நம் ஊர் அரசியல்வாதிகளுக்குக்கூடத் தோன்றாத யோசனை. குடியிருப்பின் பெயரில், மாட்டுப்பண்ணை என்று பொருள்படும் ரான்ச் என்ற சொல் மட்டும் பத்திரமாக இருந்தது. தெருக்களுக்குச் சேணம், லாடம், சுருக்குக் கயிறு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கிழக்குப் பார்த்த வீடுதான் வேண்டும் என்று மாமியார் சென்னையிலிருந்து உத்தரவு போட்டிருந்தார். அப்படி ஒரே ஒரு மனைதான் மிச்சம் இருந்தது. அதன் பின்பக்கத்தில் ஒரு மரம். "இந்த மனையில் மட்டும்தான் பழைய மரம் இருக்கிறது, நீங்கள் அதிர்ஷ்டசாலிகள்" என்று விற்பனைப் பெண் ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து என் மகள் ஒரு எறும்புப் புற்றில் கால் வைக்கப் போனாள். நான் அவள் பின்னால் ஓடினேன். விற்பனைப் பெண் அந்த மரத்தைப் பற்றி மேலே என்ன சொன்னாள் என்பதை என் கணவர் மட்டும்தான் கேட்டார். பிறகு வந்த வினை எல்லாம் அந்த எறும்புப் புற்றில் தொடங்கியதுதான்.

வீட்டுச் சாவி வாங்கிய அன்றைக்குத்தான் மரத்தின் கிட்டே போனேன். கோணல்மாணலான அடிமரம், சீப்புப் போன்ற இலை, கணுவுக்குக் கணு முள். கணவரைக் கூப்பிட்டேன்.

"என்னங்க, இது சீமைக்கருவேலம்ங்க!"

"மெஸ்கீட்னு சொன்னாங்கம்மா. பார்பிக்யூக்கு இந்தக் கட்டைதான் பெஸ்ட்டாம்" என்றார் கணவர். அவர் மாம்பலத்தில் பிறந்தவர். மரம் என்றால் நிழல், நிழல் என்றால் பைக் நிறுத்துகிற இடம், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். "அழகாத்தானே இருக்கு?"

இணையத்தில் தேடிப் பார்த்தேன். அதுவும் இதுவும் பங்காளிகள். இவ்வளவு தூரம் விமானத்தில் வந்து, முப்பது வருடக் கடனில், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. நான் உட்காரும் அறையின் ஜன்னல் சரியாக அந்த மரத்தைப் பார்த்துத்தான் இருந்தது. மீட்டிங்கில் யார் என்ன பேசினாலும் எதிரே அந்தச் சனியன்தான்.

அக்டோபரில் மகளின் சைக்கிள் டயர் பஞ்சர் ஆனது. அடுத்த வாரம் அவள் உள்ளங்காலில் முள் ஏறியது. ஊசியைச் சுட்டு அதை எடுத்தபோது அவள் போட்ட சத்தத்தில் என் பொறுமை தீர்ந்தது. சனிக்கிழமை காலை கணவர் காய்கறி வாங்கப் போன நேரம், கடையிலிருந்து ஒரு ரம்பம் வாங்கிக்கொண்டு வந்து, ஏணி போட்டு ஏறினேன். எங்கள் ஊரில் கரிமூட்டத்துக்கு வெட்டுகிற மாதிரி, ஒரு சிறு கிளைகூட விடாமல் அறுத்துத் தள்ளினேன். கை கொப்புளித்தது. மனசு என்னவோ தீபாவளி கொண்டாடியது.

"அம்மா, ஆர் யூ மேட் அட் தி ட்ரீ?" என்று கேட்டாள் மகள்.

"ஆமாடி."

கடைசியில் அடிமரமும் கைகளை வெட்டிய மாதிரி நாலு முண்டுகளும்தான் மிச்சம். அடிமரத்தையும் மறுநாள் சாய்த்துவிடலாம் என்று கீழே இறங்கினேன்.

பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வெள்ளை வீடு உண்டு. எங்கள் குடியிருப்பு எழும்பிய நிலம் முழுவதையும் விற்ற குடும்பத்தின் பழைய வீடு அது. அதில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு அமெரிக்க அம்மா தனியாக இருந்தார். பார்க்கும்போதெல்லாம் கையசைப்பார், நானும் அசைப்பேன். அன்று அவர் வேலி ஓரம் வந்து நின்றார். மரத்தைப் பார்த்தார், தரையில் கிடந்த கிளைகளைப் பார்த்தார், ரம்பத்தைப் பார்த்தார். "நன்றாக முடி வெட்டிவிட்டாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பிப் போனார். கையசைக்கவில்லை.

கணவர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ, என்ன பண்ணி வச்சிருக்க? அந்த அம்மா லேண்ட விக்கும்போது ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாங்களாம். இந்த மரத்த மட்டும் விட்டுடுங்க, கிச்சன்லேர்ந்து நான் பாக்கணும்னு. சேல்ஸ் லேடி அவ்ளோ நேரம் சொன்னாளே!"

"எங்கிட்ட எப்பங்க சொன்னா?"

"நீதான் பாப்பா பின்னாடி ஓடிட்டியே!"

கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிலம், அத்தனையும் கைமாறிய பிறகு அந்த அம்மா தனக்கென்று கேட்டது ஒரே ஒரு மரம். அதை நான் ஒரு சனிக்கிழமை காலையில் முடித்துவிட்டேன்.

சரி, கருவேலம்தானே, வெட்ட வெட்டத் துளிர்க்கிற சாதி, ஒரு மாதத்தில் எழுந்துவிடும் என்று தேற்றிக்கொண்டேன். முண்டுகளில் நாலைந்து இலை எட்டிப் பார்க்கவும் செய்தது. நவம்பரில் அதுவும் மஞ்சளாகி உதிர்ந்தது. அப்போதுதான் உண்மையாகப் பயம் வந்தது. எங்கள் ஊரில் மூன்று வருடம் மழை பொய்த்தாலும், ஆடு மாடு செத்தாலும், கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். அது மொட்டையாக நின்று நான் பார்த்ததே கிடையாது. மொட்டையானால் செத்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பு இல்லை, குடைச்சல். அந்த அம்மா சமையலறை விளக்கைப் போட்டால் நான் என் ஜன்னல் திரையை இழுத்துவிடுவேன். அவர் தபால் எடுக்க வருகிற நேரத்தைக் கணக்குப் பண்ணி, அதற்கு முன்னால் போய் எங்கள் தபாலை எடுத்துவந்துவிடுவேன். கிறிஸ்துமஸுக்கு அவர் எங்கள் வாசலில் ஒரு டப்பா நிறைய பிஸ்கட் வைத்துவிட்டுப் போயிருந்தார். நன்றி சொல்லக்கூட நான் போகவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். ஊருக்கு போன் பண்ணும்போதும் அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், "செத்துருச்சா? என்ன மருந்து போட்ட? இங்கயும் வாங்கி அடிப்போம்" என்றுதான் கேட்பான்.

மார்ச் வந்தது. சாலையோரமெல்லாம் நீலப் பூ பூத்து, நம் ஆட்கள் குழந்தைகளைப் பட்டுப்பாவாடையில் உட்காரவைத்து போட்டோ எடுத்தார்கள். குடியிருப்பில் புதிதாக நட்ட கன்றுகளெல்லாம் தளதளவென்று இலை விட்டன. என் ஜன்னலுக்கு வெளியே நாலு முண்டுகள் அப்படியே நின்றன. மாத நடுவில் எதிர்பாராமல் ஒரு இரவு பனி உறைந்தது. மறுநாள் பார்த்தால் அந்தக் கன்றுகளின் புது இலையெல்லாம் வெந்நீர் ஊற்றியது போலக் கருகித் தொங்கின. பச்சையாக இருந்ததற்கே இந்தக் கதி என்றால், என் மரத்துக்கு இனி ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

அன்றைக்கு ஒரு கைக்குட்டையை மஞ்சள் நீரில் நனைத்து, கால் டாலர் காசு ஒன்றை முடிந்து, பூஜை அலமாரியில் வைத்தேன். "அய்யனாரப்பா, நான் கேட்பது உனக்கே அநியாயமாகத்தான் இருக்கும். உன் கோயில் மேட்டில் இருக்கிற கருவேலத்தையெல்லாம் நீ அழித்துக்கொள். இந்த ஒன்றை மட்டும் துளிர்க்க வை, பொங்கல் வைக்கிறேன்." கணவர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கிண்டல் செய்வார் என்று பார்த்தேன். பேசாமல் அவரும் கும்பிட்டார்.

அதற்கப்புறம் மூன்று வாரம். ஒரு வியாழக்கிழமை காலை, காபியோடு ஜன்னலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கோப்பையை வைத்துவிட்டுச் செருப்பில்லாமல் ஓடினேன். நாலு முண்டுகளிலும் சுற்றிச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் தளிர். இளம்பச்சை, ஓரத்தில் லேசாகச் செம்மை. தொட்டால் பட்டுப்போல இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாகக் கருவேலத்தை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதேன். ஆறு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்து வெளியே போட்டது போல இருந்தது. உள்ளங்காலில் ஒரு முள் ஏறியிருந்ததே பிறகுதான் தெரிந்தது.

நொண்டிக்கொண்டே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை மாதக்கணக்காகக் கோத்து வைத்திருந்தேன். வாசலில் எல்லாம் கொட்டிப்போயிற்று. "மரம் பிழைத்துவிட்டது, மரம் பிழைத்துவிட்டது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "அது எப்போது செத்தது?" என்று கேட்டார்.

குளிர்காலத்தில் மெஸ்கீட் மொட்டையாகத்தான் நிற்குமாம். கடைசிப் பனி முடியும்வரை துளிர்க்காதாம். அது துளிர்த்த பிறகுதான் அவர் தக்காளி நாற்றையே நடுவாராம். "அவசரப்பட்டதெல்லாம் கருகிப்போனதைப் பார்த்தாய் அல்லவா?" என்றார். பிறகு, நான் எதற்காக இத்தனை நாள் ஒளிந்தேன் என்பது புரிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முடி வெட்டினாய் என்று கேலி செய்ததில் உனக்குக் கோபம் என்று நினைத்தேன். பிஸ்கட் வைத்தும் நீ வரவில்லையே" என்றார்.

எங்கள் ஊரிலும் இதன் பங்காளி உண்டு என்றும், அதை நாங்கள் எப்படி வெறுக்கிறோம் என்றும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நாங்கள் மட்டும் கொஞ்சினோமா? என் கணவர் ஐம்பது வருடம் இதைப் பிடுங்கினார். மாடுகள் காயைத் தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் விதைக்கும். புல் போய்விடும். பிடுங்கிய இடத்தில் இரண்டாக வரும். இதைக் கொல்ல முடிந்திருந்தால் நாங்கள் நிலத்தை விற்றிருக்கவே மாட்டோம்."

"அப்புறம் ஏன் இதை மட்டும் விடச் சொன்னீர்கள்?"

"பிடுங்கிக் களைத்துப் போனால் மனுஷன் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? அந்த நிலத்தில் வேறு நிழல் ஏது? இதை மட்டும் விட்டுவைத்தார்" என்று சொல்லி, எனக்குக் காலில் முள்ளெடுக்க ஊசி கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்கு போன் பண்ணினேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம்.

"அண்ணே, அய்யனாருக்குப் பொங்கல் வைக்கணும். வேண்டுதல் பலிச்சிருச்சு."

"நல்லதாப் போச்சுத்தா! என்ன, க்ரீன் கார்டு வந்துருச்சா?"

"இல்லண்ணே. இங்க ஒரு மரம் பட்டுப்போச்சுன்னு நெனச்சேன். துளுத்துருச்சு."

"என்ன மரம்? முருங்கையா?"

சொன்னேன். அந்தப் பக்கம் டிவியை அணைத்தான்.

"ஏத்தா, உனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா? காலையில இருந்து பொக்லைன்காரனோட வெயில்ல நின்னுட்டு இப்பத்தான் வந்து சட்டையக் கழட்டுறேன். கோயில் மேட்டுல பூராத்தையும் புடுங்கிருக்கோம். அந்தச் சாமிகிட்டயே போயி..." என்று ஆரம்பித்தவன், மூச்சு வாங்கி, "யாரு மரம் அது?" என்று கேட்டான்.

முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தம்மா வீட்டுக்காரரும் புடுங்கிப் புடுங்கிப் பாத்தாராக்கும்?"

"அம்பது வருசம்ணே."

"போகலையாக்கும்?"

"போகல. கடைசில நெலந்தான் போச்சு."

அவனுக்கும் ஊரில் இருக்கிற எங்கள் நிலத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

"சரித்தா. வெள்ளிக்கிழமை பொங்கல் வச்சிருவோம். அந்தம்மா பேரச் சொல்லு, அவுகளுக்கும் சேத்துக் கும்பிட்டுருவோம். ஆனா ஒண்ணு, என்ன மரம்னு மட்டும் பூசாரிகிட்ட சொல்ல மாட்டேன். நான் ஊருக்குள்ள நடமாடணும்."