அண்ணாச்சி வாங்கிக்கொள்ளாத நன்றி

கர்த்தருக்குள் பிரியமான உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அண்ணன் கர்த்தருடைய சமூகத்துக்குப் போய் இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். அதனால் என் பிள்ளைகள் எஸ்தருக்கும் சாமுவேலுக்கும் சொல்வதுபோல எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா சாத்தூருக்குக் கிழக்கே ஒரு மானாவாரி ஊரில் பிறந்தார்கள். எங்கள் அப்பா சீக்கிரம் இறந்துபோனதால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் மெஷின் துடைக்கச் சேர்ந்தார்கள். என்னை அம்புட்டாவது படிக்க வைத்தது அவர்கள்தான். பிறகு சொந்தமாகச் சின்ன அச்சகம் போட்டு, பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்தார்கள். ஒரு சீசனில் ஆர்டர் குவிந்து இரண்டாவது மெஷின் வந்தது. யார் பாராட்டினாலும், "என்கிட்ட என்ன இருக்கு? கர்த்தர் செஞ்சாரு" என்பார்கள். உதவி பெற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டாலும் அதே பேச்சுதான். "எனக்கு எதுக்கு நன்றி? சாமிகிட்டச் சொல்லுங்க."

நாரணாபுரத்துப் பேச்சியம்மாள் அக்காவை உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டுக்காரர் பட்டாசு விபத்தில் தவறியபோது, பெரியப்பா கூடவே நின்று ஆஸ்பத்திரி அலைச்சலையெல்லாம் பார்த்தார்கள். நம் அச்சகத்தில் பைண்டிங் வேலையும் கொடுத்தார்கள். அக்கா அழுதுகொண்டே நன்றி சொன்னதற்கும், சாமிகிட்டச் சொல்லத்தான் சொன்னார்கள்.

அக்கா சொல்லிவிட்டார். ஆடி கடைசி வெள்ளி கழிந்து, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அச்சகத்துக்கு வந்தார்.

"அண்ணாச்சி, இருக்கன்குடி போய் உங்க பேருல முடி எறக்கிட்டு வாரேன். சாமிகிட்டச் சொல்லச் சொன்னீகள்லா, மாரியாத்தாகிட்டச் சொல்லிட்டேன்" என்று தேங்காய்ச் சில்லை நீட்டினார்.

"அடுத்த வருசம் அக்கினிச்சட்டி நீங்கதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மெஷின்காரர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

பெரியப்பா திகைத்துப்போய் நின்றார்கள். பிறகு சில்லை வாங்கி மேசையில் வைத்தார்கள்.

"சபையில தெரிஞ்சா என்னண்ணே சொல்லுவாக?" என்று கேட்டேன்.

"ஏலே, எனக்கும் வெளங்கல. அந்தப் பிள்ள தனக்குத் தெரிஞ்ச சாமிகிட்டச் சொல்லிருச்சு. எறக்குன முடியத் திருப்பி வைக்கவா முடியும்?"

சாயங்காலம் மேசையில் அந்தச் சில் இல்லை. சாப்பிட்டார்களா, யாருக்காவது கொடுத்தார்களா, எனக்கு இன்றுவரை தெரியாது.

உங்கள் பெரியம்மா முன்பே கர்த்தரிடம் போய்விட்டார்கள். பெரியப்பா படுக்கையில் இருந்த கடைசி மாதம், பேச்சியம்மாள் அக்காதான் வேலைக்கு வருமுன் கஞ்சி கொண்டுவந்து ஊட்டுவார். ஒருநாள் நான் மனம் நிறைந்து, "கர்த்தர்தான் உங்கள அனுப்பியிருக்காரு" என்றேன். அக்கா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டார்.

"யாரும் அனுப்பல தம்பி. நானாத்தான் வாரேன். எந்திரிச்சுக் கஞ்சி காய்ச்சி, பஸ் மாறி வாரது நானு. என்கிட்ட நன்றின்னு ஒரு வார்த்த சொன்னா உங்களுக்கு என்ன கொறஞ்சிரும்?"

கண்மூடிப் படுத்திருந்த பெரியப்பா பேசினார்கள்.

"அவ சொல்றது சரிதாம்லே. தாயி, நன்றி. உனக்குத்தான் சொல்றேன். நீயும் அன்னைக்கு எனக்குத்தான சொன்ன. நான் வாங்கிக்கிடாமப் போயிட்டேன்."

"இப்பவாச்சும் வாங்கிக்கிடுங்க" என்று அக்கா அடுத்த வாய் ஊட்டினார்.

பிள்ளைகளே, ஜெயத்தின் மகிமையைக் கர்த்தருக்குக் கொடுங்கள் என்றுதான் உங்களுக்குச் சொல்லி வளர்த்தேன். அதில் மாற்றமில்லை. ஆனால் அப்படிக் கொடுக்கும்போது, அடுத்தவர் செய்ததையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோமோ? அக்காவை அனுப்பியது கர்த்தர் என்று நான் இன்னும் நம்புகிறேன். அவர் தானாகத்தான் வந்தார் என்பதும் எனக்குத் தெரிகிறது. இரண்டும் எப்படிச் சேரும் என்று போதகரிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

அதனால் இந்த நன்றிப் பகுதியை அடித்து அடித்து எழுதினேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பெரியப்பாவைச் சுமந்து வந்த அச்சகத் தொழிலாளர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும் நன்றி. பேச்சியம்மாள் அக்கா, நினைவுக் கூட்டத்தில் பின்னால் போய் நிற்காதீர்கள். முன்னால் வந்து உட்காருங்கள். இந்தக் கடைசி வரியை எஸ்தர் உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள்.

நன்றி அக்கா. உங்களுக்குத்தான்.