எட்டாம் நாள் படையலில் வெடித்த போத்தல்

சென்ற ஆண்டு ஏப்ரல் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஆறு மணி ஐம்பது நிமிடம். பகல் முழுதும் கடும் வெயில். மேகம் திரண்டும் மழை இறங்கவில்லை; இலைகூட அசையவில்லை. சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் அக்காவுக்கு எட்டாம் நாள் படையல் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, இருபத்து மூன்று பேர் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அக்கா வந்து உண்ணும் நேரம் என்பதால் குழந்தைகளைக்கூடப் பேசவிடவில்லை. அப்போது வீட்டுக்குள்ளிருந்து வெடி வெடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க," என்றாள் என் மனைவி. "அண்ணி கோவமா வந்துட்டாங்க."

யாரும் கதவைத் தொடவில்லை. அக்காவின் ஒரே மகன், கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை செய்பவன், "கேஸ் தோங்கா இருக்குமோ மாமா?" என்றான். அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடியவனே நான்தான். அணைத்தபின் இரண்டு முறை சரிபார்த்தும் இருந்தேன். மனைவி என் கையைப் பிடித்து, "போகாதீங்க, சாப்பிடட்டும்," என்றாள். என்னால் சும்மா நிற்க முடியவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின் அடுப்படிக்குப் போனேன். சீலிங்கில் ஓர் ஓட்டை. காற்றாடியின் இறக்கையில் ஒரு வாழைப்பழத் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. சுவரோரம் அக்காவின் உரப் போத்தல்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் மூடி இல்லை.

அக்காவை அதிகம் அறியாதவர்களும் இந்த நினைவு மலரைப் பெறுவார்கள் என்பதால் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா விழுந்து படுக்கையானபோது பதினான்கு வயதில் பால்மரம் வெட்டப் போனார். பின்னர் உரம் போடும் வேலை. வாளியைத் தோளில் மாட்டி, மரத்துக்கு மரம் கையால் அள்ளி வீச வேண்டும். அந்தச் சம்பளத்தில்தான் நான் ஐந்தாம் படிவம் முடித்து, தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஆனேன். லோரி ஓட்டிய அத்தான் சீக்கிரமே காலமாகிவிட, மகனை ஒற்றை ஆளாக வளர்த்தார். மகன் வேலைக்குப் போனபின் எங்களோடு வந்து தங்கினார். பதினோரு ஆண்டுகள்.

வந்த வாரமே போத்தல்கள் சேர ஆரம்பித்தன. அரிசி கழுவிய தண்ணீர் ஒன்றில். மீன் குடலும் கறுப்புச் சர்க்கரையும் ஒன்றில். பழத்தோல், சர்க்கரை, தண்ணீர் சேர்ந்தது மற்றொன்றில். முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்து வைப்பார். எதற்கும் அளவு கிடையாது. "எத்தனை கரண்டி சக்கரை?" என்று கேட்டால், "போதுங்கிற வரைக்கும்," என்பார். ஒருமுறை மீன் உரத்தைத் தண்ணீர் கலக்காமல் என் ரோஜாவுக்கு ஊற்றிவிட்டார். நான்கே நாளில் கருகிவிட்டது. கேட்டதற்கு, "அதுக்கு வயிறு சரியில்ல," என்றார்.

கடையில் மூட்டையாகக் கிடைக்கும் உரத்தை ஏன் தொடுவதில்லை என்று மூன்று தடவை கேட்டிருக்கிறேன். ஒருநாள், தோட்டத்து உரம் தம் உள்ளங்கையை அரித்தது போதும் என்றார். ஒருநாள், விலை அதிகம் என்றார். மூன்றாம் முறை, "இது காசில்லாத உரம் தம்பி," என்றார். சர்க்கரைக்குக் காசில்லையா என்றேன். "அது நீ வாங்கித் தர்றது. எனக்கு ஓசிதான்."

என் மனைவிக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை. "கல்யாண வீட்டுக்குப் போனாகூட நம்ம மேல மீன் வாடை அடிக்குது அண்ணி," என்பாள். "அப்ப பூனைங்களாவது மரியாதை குடுக்கும்," என்பார் அக்கா. இப்படியே பதினோரு ஆண்டுகளும் போயின.

கடைசியாக மருத்துவமனையில் ஒன்பது நாட்கள் இருந்தார். தினமும் என்னிடம் கேட்டது ஒன்றே: "மூடியத் தெறந்து விட்டியா? காத்து சேந்துடும்." காலைதோறும் ஆறு மூடிகளையும் திறந்து மூடினேன். அவர் காலமானபின் மறந்துவிட்டேன்.

ஆகவே, காற்று சேர்ந்து வெடித்திருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஏற்கவில்லை.

"வர்றவங்களுக்கு நாறக் கூடாதுன்னு ஏழு போத்தலையும் நாந்தான் நேத்து இறுக்கி மூடுனேன். ஒண்ணு மட்டும் ஏன் வெடிக்கணும்? அதுவும் கதவச் சாத்துன நேரத்துல? நான் பேசுன பேச்சுக்குத்தான்."

அன்று அவள் படையல் சோற்றைத் தொடவில்லை. அதன்பின் பின் அடுப்படிக்கும் போகவில்லை. இரவு கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. அக்காவின் மகனோ, "எல்லாத்தையும் வீசிடலாம் மாமா. பாம் மாதிரி இருக்கு லா," என்றான். பதினாறாம் நாள் வரை பொறுக்கச் சொன்னேன். மனைவியின் கேள்வி நியாயமானது.

மறுநாள் மற்ற போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எதிலும் காற்றுச் சத்தம் இல்லை. எல்லாம் பழையவை, பொங்கி அடங்கியவை. ஏணி வைத்து ஏறி, சீலிங்கில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிப் பார்த்தேன். வாழைப்பழத் தோல், அன்னாசித் தோல், மஞ்சள் நிறம்கூடப் போகாமல். அக்கா மருத்துவமனைக்குப் போகுமுன் போட்டதாக இருக்க முடியாது. அப்போதுதான் உறைத்தது. நான் திறந்து மூடியவை ஆறு. மனைவி மூடியவை ஏழு.

"ஏழாவதுல தோல் போட்டது யாரு?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நாந்தான். அண்ணிய எடுத்த மறுநாளு," என்றாள். "வந்தவங்க எல்லாம் பழமா வாங்கிட்டு வந்தாங்க. அத்தன தோலயும் குப்பையில போட மனசு வரல. அண்ணி போடற மாதிரி போட்டு வச்சேன்."

"சக்கரை எவ்வளவு போட்ட?"

"போதுங்கிற வரைக்கும்."

"வெடிச்சது அண்ணி போத்தல் இல்ல. உன் போத்தல்," என்றேன். என்னையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் அழுதாள். அன்று மதியம் சோறு சாப்பிட்டாள்.

ஐயம் தீர, அதே தோல், அதே சர்க்கரை போட்டு ஒரு போத்தலை இறுக மூடி எலுமிச்சை மரத்தடியில் வைத்தேன். மூன்றாம் நாள் வயிறு புடைத்து நின்றது. வெடிக்கட்டும் என்று தள்ளி நாற்காலி போட்டுக் காத்திருந்தேன். மனைவி வந்து மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று போனது. "பாவம், எதுக்கு அதப் போட்டு அடைச்சு வக்கிறீங்க?" என்றாள். அன்று முதல் காலையில் மூடி திறப்பது அவள் வேலை. போத்தல்கள் இப்போது ஒன்பது. சரியாகக் கதவைச் சாத்திய அந்த ஆறு ஐம்பதுக்கே அது ஏன் வெடித்தது என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

ஒன்பது நாட்களும் அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், நாற்காலிகள் தந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. கோத்தா கோலா மூடாவில் மீன் குடலைக் காசு வாங்காமல் அக்காவுக்குக் கொடுத்துவந்த மலாய் மீனவர், அக்காவின் அஸ்தியையும் தம் படகிலேயே ஆற்றுமுகத்துக்குக் கொண்டுபோனார். அதற்கும் காசு வாங்கவில்லை. மீன் குடலை இப்போது என் மனைவிக்குக் கொடுக்கிறார். அவரை மறக்க மாட்டோம்.

காசில்லாத உரம் என்று அக்கா சொல்வார். சீலிங் பலகை இரண்டு, ஆள் கூலி, வெள்ளைச் சாயம், சோதனைக்கு வாங்கிய சர்க்கரை. அந்த ஒரு போத்தலுக்கு எனக்கு ஆனது இருநூற்றுப் பதினெட்டு வெள்ளி நாற்பது காசு.