திரும்பி வந்த இறால்

எத்தாளை ஊரில் இறால் வாங்கி, ஐஸில் அடுக்கி, குளிர் லொறியில் கொழும்புக்கு அனுப்புவது ஜுமானாவின் தொழில். ஒருநாளும் குறை வந்ததில்லை. இந்த மாதம் மட்டும் இரண்டு முறை, பழுதாகிவிட்டதென்று இறால் திரும்பி வந்தது. பெட்டி அடுக்கும் ருஷ்தா ஐஸைக் குறைத்துவிட்டாள் என்றான் லொறி ஓட்டும் தம்பி ஃபாஹிம். உடன்பிறந்தவனை நம்பி, பத்து வருடம் கூட நின்றவளை ஜுமானா வேலையிலிருந்து நிறுத்தினாள்.

அப்படியும் மூன்றாம் முறை இறால் திரும்பியது. அடுத்த பயணத்தில், வெப்பத்தை நேரத்தோடு பதியும் சிறு கருவியொன்றைப் பெட்டிக்குள் ஒளித்து அனுப்பினாள். சிலாபம் தாண்டும் நேரத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் குளிரே இருக்கவில்லை என்று அது காட்டியது.

"குளிர் மெஷின நிப்பாட்டினியா?" என்று ஃபாஹிமைக் கேட்டாள்.

"டீசல மிச்சம் பிடிச்சு வித்தேன் ராத்தா. கொஞ்ச நேரந்தானே எண்டு நெனச்சேன்."

"அதுக்கு ருஷ்தாட தலையில ஏண்டா பழியப் போட்டாய்?"

அவனிடமிருந்து லொறிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஜுமானா நேரே ருஷ்தா வீட்டுக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

ருஷ்தா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அவன் பொய் சொன்னது எனக்கு நோகல்ல ராத்தா. நீங்க என்னட்ட ஒரு வார்த்த கேக்கல்லயே," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.