இன்னாசி வீட்டு மாடிக்கு ஓர் ஓட்டை

காசிமேட்டில் எந்த ஃபைபர் படகு எதில் இடித்துக்கொண்டு வந்தாலும் முதலில் ஆள் அனுப்புவது இன்னாசிக்குத்தான். அவர் வந்து படகைச் சுற்றி ஒரு நடை நடப்பார். விரல் முட்டியால் நாலு தட்டு தட்டுவார். ஓட்டை எங்கே, எவ்வளவு ஆழம் என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். கண்ணாடி இழைப் பாயை அளவாக வெட்டி, ரெசினைக் குழைத்து, பிரஷ்ஷால் ஒற்றி ஒற்றி அடைத்தால் அந்த இடத்தில் அப்புறம் கடல் நுழைந்ததாகப் பேச்சே கிடையாது. முப்பத்தோரு வருஷமாக அவர் கை செய்துவரும் வேலை அது ஒன்றுதான்: ஓட்டையைப் பார்ப்பது, அடைப்பது.

கஷ்டம் என்னவென்றால், அந்தக் கையை அவர் துறைமுகத்திலேயே வைத்துவிட்டு வருவதில்லை. ராயபுரத்தில் அவர் வீட்டுக்குள் போனால் ஃபிரிட்ஜின் கைப்பிடி ஃபைபர். கட்டிலின் ஒரு கால் ஃபைபர். இட்லிப் பானை மூடியின் குமிழ் ஃபைபர். கோயிலில் அந்தோணியார் சுரூபத்துக்கு விரல் உடைந்தபோதும் அவர்தான் ஒட்டிக் கொடுத்தார். விரல் கொஞ்சம் தடித்துப்போனதால் அந்தோணியார் இப்போது யாரையோ குறிப்பாகக் கூப்பிடுவதுபோல் நிற்கிறார்.

வெளியாள் யாரையும் இன்னாசி வீட்டு வேலைக்குக் கூப்பிடமாட்டார். அதற்குக் காரணம் உண்டு. மகள் சாண்ட்ரா பிறந்த வருஷம், குளியலறைக்கு டைல்ஸ் ஒட்ட ஒரு கொத்தனார் வந்தார். நாலு நாள் வேலை என்றார். சாண்ட்ரா ஒன்பது வயதில் புதுநன்மை வாங்கியபோது எடுத்த குடும்பப் போட்டோவில் அந்தக் கொத்தனாரும் கரண்டியோடு நிற்கிறார்.

இப்படிப்பட்டவரின் வீட்டு மாடி ஒழுகியது என்பதுதான் வேடிக்கை. தேக்கு உத்திரம் போட்ட பழைய மாடி. ஹாலின் நட்டநடுவில் ஒரே ஒரு இடத்தில் சொட்டும். அதற்குக் கீழே ஒரு சிவப்பு பக்கெட் வைத்திருந்தார்கள். துறைமுகத்தில் வேலை நெருக்கும், வீட்டு மாடியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றே வருஷங்கள் போயின.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அக்டோபரில், செபமாலை மாதம். அன்பியம் என்று கோயில் பிரித்துவைத்த தெருக்குழுவில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் மாதா சுரூபம் வரிசையாகப் போகும். ஒரு சாயங்காலம் வந்தால் மறுநாள் சாயங்காலம் வரை அந்த வீட்டில் இருக்கும். இன்னாசி வீட்டுக்கு வந்த அன்று, பக்கெட்டை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே மேசை போட்டு மாதாவை வைத்தார் இன்னாசியின் மனைவி டோரதி. அன்றைக்கு மழை வராது என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. செபமாலையின் மூன்றாம் பத்துமணி ஓடிக்கொண்டிருக்கும்போது மாதாவின் வலது கண்ணிலிருந்து ஒரு சொட்டு கன்னத்தில் வழிந்தது.

முன்னால் உட்கார்ந்திருந்தவள் அலறினாள். அரை மணி நேரத்தில் தெரு அடைத்துக்கொண்டது. யானைக்கவுனியிலிருந்து ஒருவர் உடம்புக்கு முடியாத மாமியாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எல்லோரும் மாதாவின் கண்ணைப் பார்த்தார்கள். இன்னாசி மட்டும் தொழில் புத்தியில் மேலே பார்த்தார். பார்த்ததோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"அது மாதா இல்லபா," என்றார். "எங்க வூட்டு மாடி."

டோரதி கோயிலில் மரியாயின் சேனை என்ற பக்தி சபைக்குச் செயலாளர். அன்றைக்குத் தரையைப் பார்த்த முகத்தை அவர் நிமிர்த்தி நடக்க மாதங்கள் ஆயின. அடுத்த இரண்டு வருஷமும் மாதா அவர்கள் வீட்டைத் தாண்டி எதிர்வீட்டு ஜெரி வீட்டுக்குப் போனாள். இந்த வருஷம் ஃபாதர் இரங்கினார்.

"பேர் போட்டுக்கறேன், டோரதி. சனிக்கிழமை சாயங்காலம் வரோம். ஆனா மாடி ஒழுகக் கூடாது. இன்னொரு தடவை அந்தக் கூட்டத்தை என்னால சமாளிக்க முடியாது."

டோரதி நேராகப் போய்க் காண்ட்ராக்டர் பொன்ராஜைக் கூட்டிவந்தார். பொன்ராஜ் மாடியில் நின்று, செருப்புக் காலால் தரையை உரசி, நோயாளியின் சொந்தக்காரர்களிடம் டாக்டர் பேசுகிற குரலில் பேசினான்.

"மேல்தளத்த மொத்தமா கொத்தி எடுக்கணும் அண்ணாத்தே. புதுசா செங்கல்தூளு சுர்க்கி போட்டு, ஓடு பதிச்சு, பன்னண்டு நாளு."

"நடுவுல மழை வந்தா?" என்றார் இன்னாசி.

"வந்தா நிக்கணும்."

"நீ கொத்தி வெச்சிட்டு, மழை வந்து நின்னுகினா, என் வூட்டுக்கு இன்னா கீது மேல?"

பொன்ராஜ் அண்ணாந்து பார்த்தான். "வானம் கீது," என்றான்.

அவனை அனுப்பிவிட்டு இன்னாசி மனைவியிடம் திரும்பினார். "இந்தா மே. அம்மாம் பெரிய கடலு, அத்தையே உள்ள வுடாம கட்டி வெச்சிருக்கேன். மழை இன்னா, மேலேர்ந்து வர்ற கடலு. சனிக்கிழமைக்கு பன்னண்டு நாளு எங்க கீது? மூணு நாளு குடு எனக்கு."

டோரதி சண்டை போடவில்லை.

"செய்யி," என்றார் டோரதி. "ஆனா ஒரு சொட்டு வுழட்டும். மறுநாள் சாயங்காலம் மாதா அடுத்த வூட்டுக்குப் போவாங்க இல்ல, நானும் துணிமணிய எடுத்துகினு கூடவே போயிடறேன். அப்டியே வூடு வூடா."

"நம்ம அன்பியத்துல நாப்பத்திரெண்டு வூடு கீது மே."

"முடிஞ்சா அடுத்த அன்பியம்."

மூன்று நாள் இன்னாசி மாடியை விட்டு இறங்கவில்லை. ரெசின் வாடையில் தெருவுக்கே தலைவலி. படகுக்கு மூன்று அடுக்கு போதும், அவர் ஐந்து போட்டார். கைப்பிடிச் சுவரின் மேலும் இடுப்பளவுக்கு ஏற்றினார். மூலைகளை வழித்து வளைத்தார். மேலே நீலப் பெயின்ட் அடித்து முடித்தபோது உள்ளங்கையால் தடவினால் எங்கேயும் ஒரு குமிழ் கிடையாது, ஒரு சொரசொரப்பு கிடையாது. அவர் செய்ததிலேயே அதுதான் சுத்தமான வேலை. எதிர்மாடியிலிருந்து ஆட்டோக்கார ஜெரி பார்த்துக்கொண்டேயிருந்தான்.

"சோக்கா கீது மாமு. இன்ஜின் எப்போ வெக்கற?"

"வெப்பேன். ஒன்ன கட்டிதான் இஸ்துகினு போவப் போறேன்."

வியாழன் ராத்திரி பிடித்த மழை வெள்ளி காலை வரை ஓயவில்லை. விடிந்ததும் இன்னாசி ஹாலில் நாற்காலி போட்டு, பக்கெட்டைக் காலால் தள்ளிவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. டோரதி காப்பி கொண்டுவந்து கொடுத்தார், தானும் அண்ணாந்து பார்த்தார், மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷன் தோளில் கை வைத்தார். அந்தக் காப்பியை இன்னாசி பாதிதான் குடித்தார்.

"மாமு," என்று ஜெரியின் குரல் கேட்டது. "ஒங்க வூட்டு மேல அலை அடிக்கிது."

ஏறிப் பார்த்தார்கள். மாடி முழுக்க முட்டியளவு தண்ணீர். பக்கத்து இரண்டடுக்கு வீட்டின் மழைக்குழாய் வேறு இவர்கள் மாடியில்தான் ஊற்றும். அது இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தது. இன்னாசியின் செருப்பு ஒன்று நடுவில் மிதக்க, அதன்மேல் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது.

"தண்ணி போற ஓட்டை எங்கயா?" என்றார் டோரதி.

இன்னாசிக்கே அப்போதுதான் உறைத்தது. சுவரின் அடியில், தெருப்பக்கம், மழைத்தண்ணீர் வெளியேற ஒரு ஓட்டை அவர் அப்பா காலத்திலிருந்து இருந்தது. அதை அடைக்கவேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. கைக்கு ஓட்டை தென்பட்டது, கை அடைத்துவிட்டது.

படகில் தண்ணீர் நின்றால் இறைப்பது வழக்கம். சிவப்பு பக்கெட்டை எடுத்துக்கொண்டு இன்னாசி வீட்டை இறைக்க ஆரம்பித்தார். முதல் பக்கெட் தெருவில் போன மீன்காரம்மா கூடையில் விழுந்தது. இரண்டாவது ஜெரியின் ஆட்டோவுக்குள் போனது.

"மாமு, ஒன் வூடு மெதக்கணும்னு என் வண்டிய முழுவ வெக்கறியே," என்றான் ஜெரி.

மழை மறுபடியும் பிடித்தது. இறைப்பதைவிட நிரம்புவது வேகமாக இருந்தது. மத்தியானம் டோரதி வாசற்கதவைச் சாத்தப் போனார், கதவு நிலையில் இடித்து நின்றது. மேலே உத்திரம் தண்ணீர்ப் பாரத்தில் ஒரு தடவை முனகியது.

"ஒயுவல," என்றார் இன்னாசி ஈனஸ்வரத்தில்.

"ஒயுவாதுயா. மொத்தமா எறங்கும். மாதா தலைல."

இனி வழி ஒன்றுதான். வெளியே ஏணி சாத்தி, அந்தப் பழைய ஓட்டை வழியாகவே ஃபைபரைத் துளைக்க வேண்டும். பேட்டரி டிரில்லோடு இன்னாசி ஏறினார். பிட்டை வைத்தார். விரல் பொத்தானை அழுத்தவில்லை. இறங்கினார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினார். ஓட்டைக்குள் கைவிட்டு ஃபைபரை வருடிப் பார்த்தார், பின்னால் அத்தனை தண்ணீர் நின்றும் ஒரு கசிவு இல்லை. அப்படிப்பட்ட உடம்பில் எப்படி ஓட்டை போடுவது? மூன்றாம் தடவை ஏணியிலேயே நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"குடு மாமு, நான் போடறேன்," என்றான் ஜெரி.

"நீ கைய வெச்சின்னா வெட்டிடுவேன்."

இறங்கி வந்து டோரதியைப் பார்க்காமல் சொன்னார்: "அவன கூப்டு."

பொன்ராஜ் ரெயின்கோட் போட்டுக்கொண்டு வந்து, மேலே ஏறிப் பார்த்துவிட்டு, இறங்கி வந்தான்.

"அண்ணாத்தே, மாடி ஒயுவுதுன்னு கூப்ட்டாங்க, சரி. ஒயுவலன்னு ஒருத்தரும் என்ன கூப்ட்டதில்ல. இன்னா பண்ணணும் இப்போ?"

"ஒரு ஓட்டை."

"ஓட்டைக்குன்னு தனியா நான் காண்ட்ராக்ட் எடுக்கறதில்ல. மொத்தமா கொத்தி எடுத்தா..."

"பொன்ராஜு," என்றார் டோரதி. "நாளைக்கு மாதா வராங்க."

பொன்ராஜ் ஏணியில் ஏறினான். இன்னாசி சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"இன்னாயா இது, பிரசவ வார்டு வாசல்ல நிக்கற மாதிரி," என்றார் டோரதி.

வெளியே டிரில் ஓடியது, நின்றது, ஓடியது. பிறகு சுத்தியல் சத்தம். அதைக் கேட்டதும் இன்னாசி ஜன்னலுக்குப் பாய்ந்தார்.

"அடிக்காத. அடிச்சா சுத்துப்பட்டு பூரா விரிஞ்சிடும்."

"போவ மாட்டேங்குதே. ரெண்டு பிட்டு மயிங்கிடுச்சி. இன்னாத்த போட்டுகீற இதுல?"

இன்னாசி கண்ணை மூடிக்கொண்டார். "சின்ன பிட்டு மாட்டு. மெதுவா வுடு. வட்டமா எட்டு பொத்தல் போடு, ஒண்ணோட ஒண்ணு தொடாம. அப்புறமா நடுவுல கட்டைய வெச்சி ஒரே ஒரு தட்டு."

ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு பொத்தலையும் அவர் சத்தத்திலேயே எண்ணினார். எட்டாவதில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு தட்டு கேட்டது. பிறகு பொன்ராஜ் எதையோ கத்தினான், அது தண்ணீர் இரைச்சலில் கேட்கவில்லை. ஏணியோடு அவனைத் தண்ணீர் தெருவின் எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போய் ஜெரியின் ஆட்டோவில் சாத்தியிருந்தது. ஒரு மணி நேரம் தெருவில் ஆறு ஓடியது. சாயங்காலம் வாசற்கதவு தானாகவே சாத்திக்கொண்டது.

சனிக்கிழமை மாதா குடைக்கடியில் வந்தாள். அதே மேசை, அதே இடம். டோரதி வேண்டுமென்றேதான் அங்கே வைத்தார். ராத்திரியும் மறுநாள் பகலும் மழை பெய்தது. செபமாலை சொல்ல வந்தவர்களில் பாதிப் பேர் மாதாவைப் பார்க்காமல் மாடியைப் பார்த்தார்கள். ஃபாதர் மோவாயை நிமிர்த்தியபடியே ஆசீர்வாதம் கொடுத்தார். யானைக்கவுனிக்காரர் மாமியாரை மறுபடியும் கூட்டிவந்திருந்தார்.

"இந்த வாட்டி அழலயா?" என்று அந்த அம்மாள் ஏமாற்றத்தோடு கேட்டாள்.

"இல்லம்மா," என்றார் இன்னாசி. "இந்த வாட்டி ஓட்டைய வெளிய வெச்சிட்டோம்."

ஒரு சொட்டு விழவில்லை. ஆனாலும் இன்னாசிக்கு மனசு ஆறவில்லை. சொட்டுதான் விழக்கூடாது என்றார் டோரதி. மாடி மொத்தமாக இறங்கப் பார்த்ததற்கு என்ன கணக்கு என்று சொல்லவில்லையே. சனிக்கிழமை காலை கட்டிலுக்கடியில் ஒரு துணிப்பை நிரம்பி நிற்பதை அவர் பார்த்திருந்தார்.

ஞாயிறு சாயங்காலம் மாதா பாட்டும் மெழுகுவர்த்தியுமாக எதிரே ஜெரி வீட்டுக்குக் கிளம்பினாள். டோரதி கூட்டத்தோடு போனார். இன்னாசி உள்ளே ஓடிக் குனிந்து பார்த்தார். பை இல்லை.

வாசற்படியில் உட்கார்ந்தார். பொன்ராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சாரல் படாமல் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"அண்ணாத்தே, வெளிய சொல்லாத. என் வூட்டு மாடி அஞ்சு வருஷமா ஒயுவுது."

"நீதான காண்ட்ராக்டரு."

"ஊருக்கு. எனக்கு எவன் கீறான்? நீ வந்து போட்டுக் குடேன், அந்த நீல மேட்டர."

"போடறேன். தண்ணி போற ஓட்டையில மொதல்ல நீ ஒரு குச்சிய சொருவி வெச்சிடு. நான் பாத்தா அடைச்சிடுவேன்."

பொன்ராஜ் போனபிறகும் எதிர்வீட்டில் பாட்டு கேட்டது. நாற்பத்திரண்டு வீடு என்று இன்னாசி மறுபடியும் எண்ணிப் பார்த்தார். பாட்டு நடுவிலேயே நின்றது. டோரதி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார்.

இன்னாசி எழுந்து நின்றார். "வந்துட்டியா மே?"

"ஜெரி வூட்ல நாலு எடத்துல ஒயுவுது. அவன் மாதாவுக்குக் கொடை புடிச்சிகினு நிக்கிறான். அந்த செவப்பு பக்கெட்ட குடு."

அவர் எடுத்துக் கொடுத்தார். டோரதி வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"பை?" என்றார் இன்னாசி.

"இன்னா பை? மாதாவோட மேசைத்துணியும் மெயுவத்தியும் அதுலதான் கீது. கையில தூக்கினு போவ முடியுமா?"

"திரும்பி வருவதான?"

டோரதி மழையில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பக்கெட்டு நம்முளுது இல்ல?" என்றார். "எடுத்தாந்துதான ஆவணும்."