துடுப்பும் தம்பியும்

புருஷனின் வேலைச்சட்டையை அவள் தனி வாளியில்தான் துவைப்பாள். காரீயத் தூசி மற்ற துணிகளிலும் ஏறிவிடும் என்று பட்டறையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அலசிய தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியது. சட்டையை உதறிவிட்டுப் பொத்தான்கள் சரியாக இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தாள். இப்போதெல்லாம் காலையில் அவற்றைப் போட்டுவிடுவதும் அவள்தான். காரீயம் உடம்பில் ஏறி அவருடைய வலது மணிக்கட்டு தளர்ந்துபோய் மாதங்களாகிவிட்டன. இது வீட்டுக்கு வெளியே ஒரு ஈ, காக்காய்க்குத் தெரியாது. அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவருக்குக் கை இப்படி விழுந்ததும், பட்டறை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

பட்டறையில் அவருக்குத் துடுப்பு என்று பேர். எண்ணெய் போடாமலே ஓடுகிற பேரிங்குக்காக அலுமினியத்தையும் காரீயத்தையும் சேர்த்து உருக்குகிற இடம் அது. தண்டு சுழன்று உரசும்போது காரீயம் மெழுகு மாதிரி வழுக்கிக் கொடுக்கும். ஆனால் அந்த இரண்டும் கல்யாண வீட்டில் முறைத்துக்கொண்ட சம்பந்திகள். ஒரே பானையில் கிடந்தாலும் ஒட்டாது. உருகின குழம்பைத் துடுப்பால் கலக்கிக்கொண்டே இருக்கவேண்டும். துடுப்பு வெளியே வந்த மூச்சிலேயே, தண்ணீர் ஓடும் செப்பு அச்சில் ஊற்றி இறுக வைத்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் காரீயம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கலக்குவது அவர். ஊற்றுவது அவளுடைய தம்பி. அம்மா போன பிறகு அவளே சோறூட்டி வளர்த்தவன். அவள் நச்சரித்துத்தான் அவர் அவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டார்.

போன மாதம் அனுப்பிய பேரிங்குகள் ஒரு மில்லில் தண்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டன. மிச்சமிருந்த கட்டியை அறுத்துப் பார்த்தார்கள். மேலே வெள்ளை, அடியில் கருப்பு. ஊற்றினவன் தூங்கிவிட்டான் என்றார் முதலாளி. துடுப்பும் தலையாட்டினார். தம்பியை அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். மற்ற பட்டறைகளுக்கும் சேதி போய்விட்டது.

அவள் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தபோது தம்பி வந்து உட்கார்ந்திருந்தான். அவர் கட்டிலில் சாய்ந்து, வலது கையைத் தலையணைக்கு அடியில் செருகியிருந்தார். தம்பி தணிந்த குரலில்தான் பேசினான். அன்றைக்குக் கலக்குவது நின்ற பிறகும் துடுப்பு குழம்பிலிருந்து வெளியே வரத் தாமதமானதைத் தான் பார்த்ததாகச் சொன்னான். மாமா கை சரியில்லை என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் தன் பேர் மீளும் என்றான்.

அவர் சிரித்தார்.

"உங்க அக்கா முகத்துக்காக உன்னைச் சேத்துவிட்டேன். ஊத்தத் தெரியாதவனுக்கு உலைப் பக்கம் என்னடா வேலை? இப்ப என் கை மேல பழியா?"

"சரி மாமா. இந்தச் சொம்பை அந்தக் கையால தூக்கித் தண்ணி குடிங்க. நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன்."

தண்ணீர்ச் சொம்பு ஸ்டூலின் மேல் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

அவள் முந்திக்கொண்டு சொம்பைக் கையில் எடுத்தாள்.

"வீடு தேடி வந்து மனுஷனைச் சோதிக்கிறியா? மாமா கைக்கு ஒண்ணுமில்ல. உன் கைதான் சின்ன வயசுலேருந்தே சரியில்ல. பால்சட்டியைக் கவுத்துட்டு அப்பாகிட்ட அடி வாங்கினவன்தானே நீ?"

அந்தப் பால்சட்டியைக் கவிழ்த்தது அவள். அவளைக் காட்டிக்கொடுக்காமல் அடி வாங்கிக்கொண்டவன் அவன். அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். கட்டிலில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிற மாதிரி மூச்சு கூட வந்தது.

"அப்ப நான் எங்க போகட்டும், அக்கா?"

அவள் சொம்பிலிருந்த தண்ணீர் தளும்பாமல் பார்த்துக்கொண்டே சமையலறைக்குள் போனாள்.