பூஜ்யத்துக்குத் திருகிய முள்

சூடான என்ஜின் எண்ணெய் வாசம் வந்தால், மைசூரின் அந்த மேகம் இன்றும் என்னைச் சூழ்ந்துகொள்கிறது.

யுத்தகாலம். மதராஸிலிருந்து வந்திருந்த புது விமானி நான். தரையில் நின்ற விமானத்தின் உயரமானி இரண்டாயிரத்து ஐந்நூறு அடி காட்டியது. கடலோரத்தில் பழகியவனுக்கு அது பழுதாகவே பட்டது. முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருகிவிட்டுக் கிளம்பினேன்.

நாலாயிரத்து ஐந்நூறு அடிக்குக் கீழே இறங்காதே, மலை இருக்கிறது. ஆறாயிரத்துக்கு மேலே ஏறாதே, எதிரே விமானங்கள் வரும். இதுதான் உத்தரவு. மேகத்துக்குள் முள் ஐயாயிரத்தில் நின்றது. சட்டென்று அந்த வெண்மையைக் கிழித்துக்கொண்டு ஓர் இறக்கை என்னை உரசாத குறையாகக் கடந்தது. தப்பு அவனுடையதா, என்னுடையதா?

இறங்கியதும், பழுதான உயரமானியைக் கொடுத்தார் என்று மெக்கானிக் சுப்பண்ணா மேல் புகார் எழுத உட்கார்ந்தேன். அவர் முள்ளைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“யாரு ஸ்வாமி இதைத் திருகினது? கடல் மட்டத்துலேர்ந்து கணக்கு வெச்சிருந்தேன். நம்ம மைசூர் தரையே ரெண்டாயிரத்து ஐந்நூறு அடி ஒசரம்.”

அப்படியானால் நான் பறந்தது ஏழாயிரத்து ஐந்நூறில், எதிரே வருகிறவர்களின் உயரத்தில். தாளைக் கிழித்தேன். எங்கே நின்றுகொண்டு பிறரை அளக்கிறேன் என்ற குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஊர் திரும்பும் நாளில் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார்.

“அடுத்த தடவை சந்தேகம் வந்தா முள்ளைத் திருகாதீங்க ஸ்வாமி. என்னைக் கூப்பிட்டுத் திட்டுங்க.”